வரலாற்று ஆய்வுக் கட்டுரை: நம்பத்தகுந்த ஆதாரங்களை எங்கே தேடுவது?

கேள்வி: மேல்நிலைப் பள்ளி மாணவி

வணக்கம். தொழிற்புரட்சிக் காலத்தில் பிரிட்டனின் நூற்பாலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றிப் பள்ளிக்காக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். நூலகத்தின் வரலாற்று அடுக்குகளில் பொதுவான நூல்களே கிடைத்தன. இணையத்திலோ ஒரே பத்தி பல தளங்களில் சொல் மாறாமல் வருகிறது. அதன் மூலம் எது என்று எவரும் குறிப்பிடவில்லை. நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே ஒரு சிறுமி நிற்கும் புகைப்படம் "இங்கிலாந்து, 1832" என்ற குறிப்போடு பல இடங்களில் இருக்கிறது. அதைக் கட்டுரையில் சேர்க்கலாமா? முதல்நிலைச் சான்றுகள், அதாவது அந்தக் காலத்திலேயே உருவான ஆவணங்கள், கட்டாயம் வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

பதில்: நூலகர்

நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் தூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகமென்றால், நீங்கள் தேடிய 900 வரிசையில் இந்தப் பொருள் முழுமையாகக் கிடைக்காது. இங்கிலாந்து வரலாறு 942-இல் இருக்கும். ஆனால் குழந்தைத் தொழிலாளர் பற்றிய நூல்கள் பெரும்பாலும் 331-இல், அதாவது தொழிலாளர் பொருளியல் பிரிவில், வேறோர் அடுக்கில் இருக்கும். பொருத்தமான ஒரு நூல் கிடைத்ததும், நூற்பட்டியலில் அதன் பதிவைத் திறந்து, அங்குள்ள பொருள் தலைப்பைச் சொடுக்கினால் அதே பொருளில் நூலகத்திலுள்ள மற்ற நூல்களும் வரிசையாக வரும். அந்நூலின் அடிக்குறிப்புகளையும் படியுங்கள். ஆசிரியர் எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினார் என்பது அங்கேதான் தெரியும்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால், மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இணையத்திலேயே படிக்கலாம். உங்கள் நூலகத்தில் இல்லாத நூலைப் பிற நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பதில்: வரலாற்று ஆசிரியர்

அந்தப் படத்தை 1832 என்ற குறிப்போடு சேர்க்காதீர்கள். டாகெர் தமது புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்ததே 1839-இல்தான்; 1832-இல் ஓர் ஆலைக்குள் இப்படியொரு படம் எடுத்திருக்க வழியே இல்லை. புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் எடுத்த படங்களில் ஒன்றாக அது இருக்க வாய்ப்பு மிகுதி. அவருடைய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் குறிப்புகளோடு உள்ளன. படத்தைப் பதிவேற்றித் தேடும் வசதியால் கிடைத்த முடிவை அங்கே ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

உங்களுக்கு வேண்டிய முதல்நிலைச் சான்று, மைக்கேல் சாட்லர் தலைமையிலான பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 1832-இல் பதிவுசெய்த சாட்சியங்கள். அவர் குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைக்கும் பத்து மணிநேர மசோதாவை முன்வைத்தவர் என்பதையும், சாட்சியங்கள் சத்தியப் பிரமாணமின்றிப் பெறப்பட்டவை என்பதையும் மனத்தில் கொண்டு படியுங்கள். ஆலை முதலாளிகள் அவை ஒருதலைப்பட்சமானவை என்று எதிர்த்ததால், 1833-இல் அரச விசாரணைக் குழு ஒன்று ஆலைகளுக்கே நேரில் சென்று விசாரித்தது. ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பெரும்பாலான நெசவு, நூற்பு ஆலைகளில் அமர்த்தக் கூடாது என்று தடுத்த சட்டம் அதே ஆண்டில் வந்தது. அந்தச் சட்டம் நியமித்த ஆய்வாளர்களின் அறிக்கைகளும் சிறந்த சான்றுகள். பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களை அவற்றின் பதிவுத் தொகுப்பான ஹன்சார்டிலும், பழைய அச்சு நூல்களின் பக்கப் படங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திடிரஸ்ட் தளங்களிலும் இலவசமாகப் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. சாட்லர் குழுவின் சாட்சியங்கள் ஒருசார்பானவை என்றால் அவற்றை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வரலாற்று ஆசிரியர்

வேண்டாம், அவை இல்லாமல் உங்கள் கட்டுரையே நிற்காது. சிறுவயதிலேயே ஆலையில் வேலை செய்த எலிசபெத் பென்ட்லி அந்தக் குழுவிடம் அளித்த சாட்சியத்தைப் பாருங்கள். வேலையில் தளர்ந்தால் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு, தோல்வாரால் அடிப்பார்கள் என்கிறார். சில கேள்விகளுக்குப் பிறகு, அவரையே அடித்தது பற்றி, கடுமையாகவா என்று குழு கேட்கிறது, ஆம் என்கிறார். முதல் பதிலில் இருப்பது அவருடைய சொல். இரண்டாவதில் "கடுமையாக" என்ற சொல் கேட்டவருடையது. பதில்களை மட்டும் கோத்துத் தரும் தளங்களில் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே கேள்வியோடு சேர்த்தே மேற்கோள் காட்டி, அச்சுப் பதிப்பின் பக்க எண்ணைக் கொடுத்து, 1833-ஆம் ஆண்டு அரச விசாரணைக் குழுவின் அறிக்கை அதே செய்தியைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் பக்கத்திலேயே வையுங்கள்.