அம்மாவுக்குக் கார்டிசால் கூடுதல்: மனச்சோர்வா, மறதி நோயா?

கேள்வி – பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு மகள்

வணக்கம். அப்பா காலமான பிறகு, 74 வயதான என் தாயார் பேச்சைக் குறைத்துக்கொண்டார். விடியுமுன்பே விழித்து உட்கார்ந்துவிடுகிறார். அடுப்பில் வைத்த பாலையும் மறந்துவிடுகிறார். முழு உடல் பரிசோதனையில், மன அழுத்த ஹார்மோன் எனப்படும் கார்டிசாலின் காலை அளவு சற்றுக் கூடுதலாக வந்துள்ளது. மறதிக்கு இந்த ஹார்மோன்தான் காரணமா? அதைக் குறைக்க அசுவகந்தா கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா?

பதில் – மனநல மருத்துவர், ஜெயநகர்

அந்த ஓர் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. கார்டிசால் விழித்த சிறிது நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, நள்ளிரவை ஒட்டி மிகக் குறையும். இரத்தம் எடுத்த நேரமும் அன்றைய பதற்றமும்கூட அளவை மாற்றும். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியையும் தூண்டுவதால் சுரக்கும் இந்த ஹார்மோனை, அளவு மிகும்போது அடக்கிவைப்பதில் நினைவாற்றலுக்குரிய மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸுக்கும் பங்குண்டு. மறதி நோய்களில் ஒன்றான அல்சைமரில் அப்பகுதி சுருங்குவதால் அடக்கம் தளர்கிறது. கடுமையான மனச்சோர்விலும் இத்தளர்ச்சி பலரிடம் காணப்படுகிறது. ஆகவே கூடுதல் கார்டிசால் மூளைப் பாதிப்பின் விளைவாகவும் இருக்கலாம். இரவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து, மறுநாள் கார்டிசால் அடங்காவிட்டால் மனச்சோர்வை உறுதிசெய்யலாம் என 1980களில் பெரிதும் நம்பப்பட்டது. மறதி நோயாளிகள் பலரிடமும் அது அடங்காததால், இரண்டையும் பிரித்தறிய அச்சோதனை போதவில்லை.

எனக்கு அந்த எண்ணைவிட முக்கியமாகப் படுவது, தாயாரின் அதிகாலை விழிப்பும் பேச்சுக் குறைவும்தான். முதுமையில் மனச்சோர்வே மறதி நோய்போலத் தோன்றுவதுண்டு. அதற்குச் சிகிச்சையும் உண்டு. தாமதிக்காமல் பெங்களூருவின் தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸின் முதியோர் மனநலப் பிரிவில் காட்டுங்கள். தைராய்டு, பி12 அறிக்கைகளையும், மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அந்த மருந்துச் சீட்டையும் கொண்டுசெல்லுங்கள்.

பதில் – மருந்தாளுநர்

அசுவகந்தாவை மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் மிகுந்து முதியவர் தடுமாறி விழ நேரலாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது.

கேட்டவர்

மிக்க நன்றி. அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்பதால் அசுவகந்தா வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும், அது தடையாகுமா?

பதில் – மறதி நோயுள்ள மாமியாரைப் பராமரிப்பவர், மல்லேசுவரம்

நினைவாற்றல் சோதனையைத் தமிழிலேயே நடத்தும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சகோதரி. தெரியாத மொழியில் கேட்டால், நன்றாக நினைவிருப்பவரும் விடை சொல்லத் திணறுவார். அந்த மதிப்பெண்ணை நம்பி நோயை முடிவுசெய்வது அவருக்கு இழைக்கும் அநீதி. வெயில் ஏறுமுன் தினமும் அவரை வெளியே நடக்க அழைத்துச் செல்லுங்கள். காலை வெளிச்சம் தூக்க நேரத்தைச் சீராக்க உதவும்.