ரேக் என்றால் எந்த ரேக்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

குன்னூர்க்காரன்:
போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி டீ குடிக்கும்போது ஊழியர் ஒருவர் போனில், "இந்த ரேக் பழசுங்க, சீக்கிரம் மாத்தணும்" என்றார். பக்கத்தில் நின்ற சென்னைப் பயணிக்கு முகம் வெளுத்துவிட்டது. தண்டவாளத்துக்கு நடுவே ஓடும், ஏற்றத்தில் எஞ்சின் வழுக்காமல் பிடித்து ஏறும் பல் கம்பிக்கும் ரேக் என்றுதான் பேர். அதைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். கீழே பள்ளத்தைப் பார்த்தவர் மறுபடி ஏறவே யோசித்தார். ஊழியர் சொன்னது ஒன்றாகக் கோத்த பெட்டி வரிசையை! இந்த மாதிரி ரேக்கில் மாட்டிக்கொண்ட கதை யாரிடமாவது இருந்தால் எழுதுங்களேன்.

ஷெட் தாத்தா:
தம்பி, அது ஒரே சொல் இல்லை. தமிழில் எழுதினால்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. பெட்டி வரிசையைச் சொல்லும் ரேக் (rake), ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்துப் பக்கம் தடம், வரிசை என்ற பொருளில் இருந்த சொல். பல் கம்பி ரேக் (rack) வேறு. 'நீட்டு, இழு' என்ற பழைய டச்சுச் சொல்லோடு உறவுள்ளது என்கின்றன அகராதிகள். நீட்டிக் கட்டிய சட்டம் முதலில் ரேக் ஆனது. அப்புறம் பல் வெட்டிய நீளக் கம்பிக்கும் அந்தப் பேர் வந்தது.

நம்ம லைனில் அது கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான். சில இடங்களில் பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம், வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் 1882-இல் காப்புரிமை வாங்கிய முறையைப் போட்டார்கள். உற்றுப் பாருங்கள், கம்பி ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் இடைவெளி. அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடி விடாது. கல்லாறில் பல்லோடு பல் சேரும்போது வண்டி மெதுவாகி ஒரு 'கடக்' கேட்கும், கவனித்திருப்பீர்கள். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். வண்டி 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்தது. குன்னூருக்கு மேலே பல் கம்பி கிடையாது. ஊட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

ஊட்டி மலர்:
கோபமெல்லாம் இல்லை தாத்தா, எங்களிடம் அதைவிடப் பழைய ரேக் இருக்கிறது. அப்பா ரேஸ் குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். கோடை சீசனில் குதிரைகள் வந்து இறங்கியதும் "ரேக்கில் புல் போட்டாச்சா?" என்பதுதான் காலையில் முதல் கேள்வி. சுவரில் சாய்வாக அடித்த மரச்சட்டம், கம்பி இடைவெளியில் குதிரை வாய் விட்டு இழுத்துத் தின்னும். எனக்கு ரேக் என்றால் அதுதான். கல்யாணமாகி வந்த வீட்டில் "ரேக்கில் செருப்பைப் போடு" என்றபோது சிரிப்பு தாங்கவில்லை.

கோத்தகிரி டீச்சர்:
என் வகுப்பில் நடந்தது. 'ரேக் யுவர் பிரெய்ன்ஸ்' (மூளையைக் கசக்கி யோசி) என்பதைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு பையன் "மூளையை அலமாரியில் வை" என்று எழுதியிருந்தான். பாதி மார்க் போட்டேன், கற்பனைக்காக. விஷயம் கொடூரமானது. கையையும் காலையும் கட்டி, உருளையைத் திருகி ஆளை இழுக்கும் சித்திரவதைச் சட்டத்துக்கும் ரேக் என்றுதான் பேர். லண்டன் கோபுரச் சிறையில் இருந்ததற்கு 'எக்ஸிட்டர் பிரபுவின் மகள்' என்று செல்லப் பேர் வேறு! பதில் வராத மூளையையும் அப்படித்தான் இழுக்கிறார்களாம். தாத்தா சொன்ன 'நீட்டு, இழு' இங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது.

பனிமூட்டம்:
காற்று தள்ளிக்கொண்டு போகும் மேகத்துக்கும் ரேக் என்று பேர் உண்டு. குன்னூர் பக்கம் லேம்ப்ஸ் ராக் காட்சிமுனையில் மத்தியானம் நின்றால் அதுதான் தெரியும், பள்ளத்தாக்கு தெரியாது. 'ரேக் அண்ட் ரூயின்' (அடியோடு சீரழிவது) என்பதில் வருவது அழிவு என்ற பொருளுள்ள இன்னொரு சொல்.

கல்லாறு குமார்:
சாராயத்தை விட்டுவிட்டீர்களே! நம்மூர் அரக்கைக் குடிக்கக் கற்ற வெள்ளைக்காரர்கள் முன்னெழுத்தை விழுங்கி அதையும் ரேக் என்றார்கள். மூலம் அரபியில் 'அரக்', வியர்வை. வடிக்கும்போது சொட்டுச் சொட்டாக விழுகிறதல்லவா, அதனால்.

ஊட்டி மலர்:
குமார் அண்ணே, காலையிலேயேவா? சரி, ரிசார்ட் மெனுவில் 'ரேக் ஆஃப் லேம்ப்' என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன, யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

குன்னூர்க்காரன்:
ஆட்டின் விலாப் பக்கம் அக்கா, எலும்பு வரிசையைப் பிரிக்காமல் அப்படியே சுடுவது. வழக்கமாக எட்டு எலும்பு இருக்கும். முழுசாக வேண்டுமா பாதி போதுமா என்று ஆர்டர் சொல்லும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், விலை கொஞ்சம் அதிகம்.