கடம்பூர் – மாக்கம்பாளையம் மண் ரோடு: 9 வண்டி, முதல் தடவை. போகலாமா?

சிங்காநல்லூர்க்காரன்:

வணக்கம். ஆபீஸ் நண்பர்கள் 9 பேர், ஆளுக்கு ஒரு வண்டி. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையின் 40, கொல்லிமலையின் 70 எல்லாம் ஏறி இறங்கியாச்சு. ஆனால் அத்தனையும் தார் ரோடு. இந்தத் தடவை மண் ரோட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை.

டிசம்பர் மூன்றாவது சனிக்கிழமை. காலை 5 மணிக்குக் கோவையில் கிளம்பி சத்தியமங்கலம், கே.என்.பாளையம், கடம்பூர், அங்கிருந்து மாக்கம்பாளையம். திரும்பவும் அதே வழி.

வண்டிகள்: ஹிமாலயன் 411 மூன்று, எக்ஸ்பல்ஸ் 200 இரண்டு, கிளாசிக் 350 இரண்டு, ஒரு டியூக் 390, ஒரு அப்பாச்சி. டயரில் காற்று எவ்வளவு வைக்கலாம்? வழியில் தண்ணீரைக் கடக்க வேண்டும் என்கிறார்களே, எப்படி? ராத்திரி மேலேயே டென்ட் போட முடியுமா?

எண்ணெய்க்கறை:

டியூக்கை வீட்டில் நிறுத்திவிட்டு, மாமனாரிடம் டிவிஎஸ் எக்ஸ்எல் கேட்டு வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் உர மூட்டையோடு ஏறுகிற வண்டி அதுதான்.

பம்ப்செட் மெக்கானிக், சத்தி:

தம்பி, எனக்கு ஊர் சத்தி. மலைக்கு மேலே யார் தோட்டத்து மோட்டார் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். 16 வருடமாக ஸ்ப்ளெண்டரில் போய் வருகிறேன். நீங்கள் கொடுத்த வண்டிப் பட்டியலில் எனக்குக் கவலை இல்லை. அந்த 9 என்கிற எண்தான் உறுத்துகிறது.

2019-இல் ஒரு நாள் மாக்கம்பாளையத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வெளியூர்ப் பையன்கள், 11 வண்டி. முன்னால் போகிறவன் கிளப்புகிற புழுதி பின்னால் வருகிறவன் வாயில்தானே விழும். அதனால் ஆளாளுக்கு இடைவெளி விட்டு, வால் அரை கிலோமீட்டருக்கு நீண்டுவிட்டது. மூங்கில் அடர்ந்த ஒரு வளைவை முதல் நான்கு வண்டி தாண்டியதும், அந்த இடைவெளியில் யானைகள் ரோட்டுக்கு இறங்கிவிட்டன. இரண்டு பெரியது, ஒரு குட்டி. ஏழு பேர் இந்தப் பக்கம், நான்கு பேர் அந்தப் பக்கம்.

இந்தப் பக்கத்துப் பையன்கள் நின்றுவிட்டார்கள், தப்பில்லை. அந்தப் பக்கம் போனவர்கள்தான், பின்னால் ஆளைக் காணோமே என்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான், குட்டி நடுவில் மாட்டியது. தாய் காதாட்டுவதை நிறுத்திவிட்டு இரண்டு காதையும் முறம் மாதிரி விரித்தது. காதை ஆட்டிக்கொண்டு நிற்கிற யானையைப் பார்த்து எனக்குப் பயம் வராது. ஆட்டம் நின்றால்தான் வயிறு கலங்கும். பத்தடி ஓடி வந்து நின்றது. ஒரு பையன் வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினான். மிரட்டுவதற்காக வந்ததுதான், அதற்கு மேல் வரவில்லை. நாற்பது நிமிடம் யாரும் மூச்சு விடவில்லை. அப்புறம் குட்டியை நடுவில் விட்டு அதுகள் பாட்டுக்குக் கீழே இறங்கிப் போய்விட்டன.

விழுந்த வண்டியில் கிளட்ச் லிவர் பாதியில் முறிந்திருந்தது. மிச்சம் இரண்டு விரல் பிடிக்கிற அளவு. அதை வைத்தே கடம்பூர் வரை ஓட்டி வந்தார்கள்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். 5, 4. முதல் கூட்டம் போய் முக்கால் மணி கழித்து அடுத்தது. கூட்டத்துக்குள் ஒருவன் கண்ணில் அடுத்தவன் படுகிற தூரம்தான் இருக்க வேண்டும். மண் ரோட்டில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள்.

தண்ணீர் பற்றி. எங்கள் பக்கம் பள்ளம் என்றால் குழி இல்லை, ஓடை. குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்று இரண்டும் அந்த வழியில் பேர் போனவை. பாலம் இல்லாத காலத்தில் மழை பெய்தால் பஸ் நின்றுவிடும், மாக்கம்பாளையத்துச் சனம் அக்கரையிலேயே கிடக்கும். எந்த ஓடையானாலும் ஒருத்தர் இறங்கி நடந்து பார்த்த பிறகுதான் வண்டி. முட்டிக்கு மேலே தண்ணீர் என்றால் திரும்புங்கள். இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும், தண்ணீர் மட்டும் காபி நிறத்தில் வரும். மேலே எங்கோ மழை என்று அர்த்தம். அப்போது முட்டி அளவையும் நம்பக்கூடாது.

நடுத்தண்ணீரில் வண்டி அணைந்துபோனால் செல்ஃபை அமுக்கவே அமுக்காதீர்கள். உள்ளே தண்ணீர் ஏறியிருந்தால் எஞ்சினில் பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரைக்குத் தள்ளி வந்து, பிளக்கைக் கழற்றி, கிக்கர் இருந்தால் கிக்கர், இல்லாவிட்டால் மேல் கியரில் போட்டுத் தள்ளுங்கள். பிளக் ஓட்டை வழியாகப் பீச்சிக்கொண்டு வெளியே வரும். ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள்.

டென்ட் பேச்சே வேண்டாம். 2013-இலிருந்து இது புலிகள் காப்பகம், 1,408 சதுர கிலோமீட்டர். சோதனைச் சாவடியில் போகலாம் என்றால் போங்கள், வேண்டாம் என்றால் கடம்பூரில் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். வாதாடாதீர்கள். மாலை 4 மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும்.

இன்னொன்று. அது உங்களுக்கு மண் ரோடு, மலையில் வாழ்கிற ஊராளிப் பழங்குடிச் சனத்துக்கு அதுதான் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வழி. ரோட்டோரம் ராகி காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டு, வரும்போது அதே வீட்டில் தண்ணீர் கேட்டு நிற்காதீர்கள்.

கடைசி வண்டி:

அண்ணா சொன்னதோடு நானும் கொஞ்சம். எங்கள் கூட்டத்தில் நான்தான் எப்போதும் கடைசியில் வருவேன். வேகம் குறைந்தவர்களைக் கடைசியில் விடுவது எல்லோரும் செய்கிற தப்பு. அவர்களை முன்னவருக்கு அடுத்ததாக விடுங்கள். கடைசியில் வருகிறவர் பங்ச்சர் போடத் தெரிந்தவராக, அவசரப்படாதவராக இருக்க வேண்டும்.

பாதை பிரிகிற இடத்தில் முன்னவர் நிற்க வேண்டாம், இரண்டாவதாக வருகிறவர் நிற்கட்டும். கடைசி வண்டி கண்ணில் பட்ட பிறகுதான் அவர் நகர வேண்டும். போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.

காற்று: 411-இலும் எக்ஸ்பல்ஸிலும் முன்னால் 20 பிஎஸ்ஐ, பின்னால் 24 வரை இறக்குவேன். கிளாசிக்கில் அவ்வளவு இறக்காதீர்கள். கல் இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் கடிபட்டு இரண்டு இடத்தில் கிழியும், பாம்பு கடித்த மாதிரி. தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும், அதனால் கால் பம்ப் ஒன்று கட்டாயம்.

கிளட்ச், பிரேக் லிவர்களின் கிளாம்ப் போல்ட்டை லேசாகத் தளர்த்தி வையுங்கள். கையால் பலமாகத் தள்ளினால் திரும்புகிற அளவு. விழுந்தால் லிவர் திரும்பிக்கொள்ளும், முறியாது.

சிங்காநல்லூர்க்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. யானை இருக்கிறது என்பதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

பம்ப்செட் மெக்கானிக், சத்தி:

மூக்கும் காதும்தான். புது லத்தி, அதாவது யானைச் சாணம், ஈரமாக, ஆவி பறக்கக் கிடக்கும். குதிரை லாயம் மாதிரி ஒரு வாடை வரும். மூங்கில் ஒடிகிற சத்தம் பட்டாசு மாதிரி கேட்கும், ஆனால் சைலன்சரை மாற்றிப் படபடவென்று விட்டுக்கொண்டு போனால் அது எங்கே காதில் விழும்? அந்த அப்பாச்சி எப்படி, கம்பெனி சைலன்சர்தானே?

வளைவுக்கு முன்னால் நின்று, எஞ்சினை அணைத்து, ஒரு நிமிடம் கேளுங்கள். எதிரே எதிர்ப்பட்டால் நூறு மீட்டருக்கு இப்பாலே நிற்க வேண்டும். ஹாரன், லைட், போட்டோ எதுவும் வேண்டாம். வழி விட்டால் போகலாம், விடாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

சிங்காநல்லூர்க்காரன்:

போய் வந்தாச்சு. அப்பாச்சி சைலன்சரைப் பழையபடி மாற்றவே ஒரு வாரம் சண்டை. சாவடியில் விவரம் கேட்டுக்கொண்டு விட்டார்கள். 5, 4 என்று பிரிந்தோம். டியூக் நண்பன் வரவில்லை என்று கடைசி நாளில் சொன்னான், அப்புறம் தம்பியின் ஸ்ப்ளெண்டரில் வந்து நின்றான். எல்லோரையும்விட நன்றாக ஓட்டியதும் அவன்தான்.

முதல் கூட்டம் மாக்கம்பாளையம் தொட்டது. ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். இரண்டாவது கூட்டத்தில் கிளாசிக் ஒன்றுக்கு, கடைசி வண்டி சொன்ன அதே பாம்புக்கடி. இரண்டு ஓட்டை. கையிலிருந்த டியூபும் அளவு மாறிப்போனதால் நான்கு பேரும் கடம்பூரிலேயே உட்கார்ந்துவிட்டோம். அதில் நானும் ஒருவன். யானையைப் பார்க்கவில்லை, லத்தி மட்டும் பார்த்தோம். ஆவி பறக்கவில்லை.

அண்ணா, டீக்கடை வாசலில் ஒரு ஸ்ப்ளெண்டர், பின்னால் மோட்டார் கட்டி நின்றது. பங்ச்சருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் அதில்தான் வந்தார். நீங்களா?

பம்ப்செட் மெக்கானிக், சத்தி:

நான் இல்லை, என் மச்சான். ராத்திரியே சொன்னான், கோயமுத்தூர்ப் பையன்கள் நான்கு பேர் டியூபை விரித்து வைத்துக்கொண்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று. பங்ச்சருக்கு 300 ரூபாய் வாங்கினார்களாமே. ஜாஸ்திதான். அடுத்த தடவை என் பேரைச் சொல்லுங்கள்.