பணியர் பழங்குடிப் பிள்ளைகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை, என்ன செய்வது?

தஞ்சை_டீச்சர்:
ஜூனில் நீலகிரி மாவட்டம் கூடலூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். ஒன்றாம் வகுப்பில் 14 பேர், அதில் 9 பேர் பணியர் பாடியிலிருந்து (குடியிருப்பிலிருந்து) வருகிறவர்கள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். சத்துணவு முடிந்ததும் அதே பிள்ளைகள் குழாயடியில் ஓயாமல் பேசுகிறார்கள்! மலையாளம் மாதிரி காதில் விழுகிறது, ஆனால் மலையாளமும் இல்லை.

போன வாரம் யானைப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றேன். ஒரு பையன் ஏதோ சொன்னான். "தமிழில் சொல்லுடா" என்று அதட்டிவிட்டேன். நான்கு நாளாக என் முகத்தையே பார்ப்பதில்லை. எண்ணும் எழுத்தும் திட்டப் பதிவில் அவனை 'அரும்பு', அதாவது ஆரம்ப நிலை, என்றுதான் போட்டிருக்கிறேன். சரியா?

ஓய்வு_வாத்தியார்:
அரும்பு நிலையில் இருப்பது உங்கள் பணியர் மொழிதான், அவன் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கோத்தகிரிப் பக்கம் இருளர் பிள்ளைகளிடம் நானும் இதே தப்பைச் செய்தவன். அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் ஊர்ப் பாட்டி ஒருத்தரை வரவழைத்தேன். அவர் கதை சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள், சொன்னபடியே தமிழ் எழுத்தில் பலகையில் எழுதுவேன். தங்கள் வாயில் வந்த சொல் என்பதால் சட்டென்று வாசித்தார்கள். இருளர் பேச்சு தமிழுக்குக் கிட்டே, அதனால் நான் பிழைத்தேன். தொதவர் (தோடர்) மொழி என்றால் திணறியிருப்பேன், அதில் ரகரமே மூன்று விதம். ஒடிசாவில் 2006 வாக்கில் 10 பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி ஆரம்பித்தார்கள். இங்கே அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், வகுப்பில் உங்களுக்கு உதவப் பாடியில் பத்தாவது முடித்த பெண் யாராவது இருக்கிறாளா என்று விசாரியுங்கள்.

நேர்பேச்சு:
தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்று அரசியலமைப்பில் 350ஏ பிரிவு 1956 முதல் இருக்கிறது, சரி. ஆறாம் வகுப்பில் தமிழ் வராமல் நின்றால் யார் பொறுப்பு?

பாடிக்காரி:
நான் பணியச்சிதான். மூன்றாவது வரை வகுப்பில் பேசியதில்லை, என்னை ஊமை என்றே நினைத்தார்கள். தமிழ் கட்டாயம் வேண்டும் அண்ணா, அது இல்லாமல் தாலுகா ஆபீஸில் ஒரு சாதிச் சான்றிதழ் வாங்கிப் பாருங்கள். ஆனால் டீச்சர், எங்கள் பாடிப் பக்கம் யானை வராத மாதம் இல்லை. யானையைப் பற்றி அவனுக்கு உங்களைவிட அதிகம் தெரியும்.

தஞ்சை_டீச்சர்:
இன்று அதே படத்தை எடுத்துக்கொண்டு போய், "உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள், எனக்குக் கற்றுக்கொடு" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான். நான் திருப்பிச் சொன்னதும் 9 பேரும் சிரித்துவிட்டார்கள், உச்சரிப்பு தப்பாம். மூன்று தடவை சொல்ல வைத்துத்தான் விட்டான்.