இடுப்புக் கிண்ணம் உடைந்திருக்கிறது: பிளேட் வைப்பதா, நாட்டுக்கட்டா?

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். என் மச்சானுக்கு 34 வயது, லோடு வண்டி ஓட்டுகிறார். போன சனிக்கிழமை முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போகும்போது முன்னால் போன டிராக்டரில் மோதிவிட்டார். முழங்கால் டாஷ்போர்டில் இடித்ததாம். முழங்காலில் வெறும் சிராய்ப்புதான், ஆனால் பந்துமூட்டு பின்பக்கமாக விலகி, அது உட்காரும் கிண்ணத்தின் பின்சுவர் மூன்று துண்டாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரியே மயக்கம் கொடுத்து மூட்டை இழுத்து உள்ளே போட்டுவிட்டார்கள். இப்போது காலில் எடை தொங்கவிட்டுப் படுத்திருக்கிறார். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை ஆபரேஷன், பிளேட் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அத்தை ஒரே பிடிவாதமாக இருக்கிறார். அவர் அப்பாவுக்குத் தொடை முறிந்தபோது முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்து மூங்கில் பத்தை கட்டியே நடந்தாராம், அதனால் இவனையும் டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிப் போவோம் என்கிறார். பிளேட் அவசியம்தானா? திரும்ப எப்போது வண்டி ஓட்டுவார்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாக்கர், மேலூர்:
தம்பி, எனக்கும் இதே பின்சுவர்தான், 2018-ல். அத்தையிடம் ஆட்டுக்கல்லைக் காட்டிச் சொல்லுங்கள். குழவிதான் பந்து, குழிதான் கிண்ணம். கை எலும்பு, கால் எலும்பு என்றால் வெளியே பத்தை வைத்து இறுக்கலாம், இது இடுப்புக்குள்ளே இருக்கிற குழி, வெளியே என்ன கட்டினாலும் உள்ளே பெயர்ந்து கிடக்கிற துண்டு போய்ச் சேராது. குழியில் ஒரு இடம் மேடாக நின்றாலும் குழவி ஒவ்வொரு சுற்றுக்கும் அங்கே உரசும், சில வருடத்தில் மூட்டு தேய்ந்துவிடும். துண்டுகளைப் பொருத்தி, அதன்மேல் பிளேட்டை எலும்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவதுதான் ஆபரேஷன். என் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு என் மகள், அப்பா இடுப்பில் பூரான் இருக்கிறது என்றாள், அப்படியேதான் இருக்கும்.

ஆபரேஷனை விட அதற்கப்புறம்தான் கஷ்டம். தையல் புட்டத்தில், மல்லாந்து படுத்தால் உறுத்தும். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினம் ஊசி. வாக்கரில் நடக்கும்போது அந்தக் காலை ஊன்றக்கூடாது, தரையில் ஒரு காகிதம் கிடப்பதாகவும் அது கசங்கக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டு தொட்டுத்தொட்டு வைக்க வேண்டும். எனக்கு 12 வாரம் சொன்னார்கள். ஆறாவது வாரமே வலி இல்லையே என்று திண்ணையில் இருந்து காலை ஊன்றி இறங்கினேன், வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

எலும்புப் பிரிவு பிசியோ:
மேலே அண்ணன் சொன்னது சரி. சில விஷயம் சேர்க்கிறேன். எல்லா கிண்ண முறிவுக்கும் பிளேட் தேவைப்படாது, துண்டு 2 மில்லிமீட்டருக்குள் விலகி, மூட்டும் நழுவாமல் நின்றால் ஆபரேஷன் இல்லாமலே பார்ப்பார்கள். உங்கள் மச்சானுக்கு மூட்டே வெளியே வந்திருக்கிறது, சுவர் மூன்று துண்டு, இது வேறு கணக்கு. பிரான்சின் ஜூடே சகோதரர்கள், லெடூர்னல் என்ற மருத்துவர்கள் 1964-ல் இந்த முறிவுகளைப் பத்து வகையாகப் பிரித்தார்கள், இன்றைக்கும் டாக்டர்கள் அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்பு பெரும்பாலும் எடை கட்டிப் படுக்கப் போடுவதுதான் வைத்தியம். இப்போது தொங்குகிற எடை முறிவைச் சேர்ப்பதற்கு அல்ல, ஆபரேஷன் வரைக்கும் பந்து உடைந்த சுவரில் போய் அழுத்தாமல் பிடித்து வைப்பதற்கு.

நாள் கடத்தாதீர்கள், அதுதான் முக்கியம். இரண்டு வாரத்துக்குள் என்றால் துண்டுகளை நகர்த்திப் பொருத்த முடியும், மூன்று வாரம் தாண்டினால் அரைகுறையாக எலும்பு கூடிவிடும், பிரித்துச் சேர்ப்பது பெரும்பாடு.

இன்னொன்று, அவரைப் பாதத்தை மேல்நோக்கித் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பின்பக்கம் விலகும்போது அங்கே ஓடுகிற பெரிய நரம்பு நசுங்கியிருக்கலாம். தூக்க முடியவில்லை என்றால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பிளேட் நன்றாகவே வைத்தாலும் சிலருக்குப் பந்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து பின்னால் மூட்டு மாற்ற நேரிடும், மூட்டு வெளியே கிடந்த நேரம் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். ராத்திரியே உள்ளே போட்டது நல்லது. பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பிளேட்டை, தொந்தரவு இல்லாவிட்டால், எடுக்க மாட்டார்கள். லோடு வண்டி ஓட்டுவதை மூன்று மாதத்துக்கு முன்னால் பேசவே வேண்டாம், அப்புறமும் எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னால்தான்.

அலங்காநல்லூர் ஆள்:
எங்கள் சித்தப்பாவைக் கட்டுப் போடத்தான் தூக்கிப் போனார்கள், ஐந்து வாரம் கழித்துக் கால் குட்டையாகி வந்தார். அப்புறம் எந்த டாக்டரும் பிளேட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு வருடம் நொண்டி கடைசியில் முழு மூட்டையே மாற்றினோம். கட்டியவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, நாங்கள்தான் தூக்கிப் போனோம். பணம்தான் யோசனை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரேஷன் கார்டும் விஏஓ கொடுக்கும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு நாளைக்கே போங்கள். எஃப்ஐஆர் நகல், பழைய எக்ஸ்ரே, சிடி எதையும் தொலைக்காதீர்கள், நஷ்டஈடு கேஸுக்கு வேண்டும்.

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் நன்றி. பாதத்தைத் தூக்குகிறார், கட்டைவிரலும் அசைகிறது. ஆட்டுக்கல் கதையைச் சொன்னேன், அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் நம் வீட்டுக் கக்கூஸில் குத்தவைத்துத்தானே உட்கார வேண்டும், அதற்கு என்ன செய்வது என்று கேட்டார். ஒத்துக்கொண்ட மாதிரிதான். அதற்கு நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி, கமோட் சேர் என்கிறார்களே, அதைச் சொந்தமாக வாங்க வேண்டுமா?

பழைய வாக்கர், மேலூர்:
வேண்டாம் தம்பி, கமோட் சேர் மாத வாடகைக்கே கிடைக்கிறது. ஆஸ்பத்திரி சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்க வேண்டும், உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும். வாங்கும்போது நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், எனக்கு வந்த முதல் சேரில் ஒரு கால் ஆடியது.