சுமை ஏற்றும் பிக்கப் டிரக்கின் முன் பிரேக்: எந்த டிஸ்க், எந்தப் பேட் வாங்குவது?

பாரவண்டி கேட்டது:

வணக்கம். என் பிக்கப் டிரக்கில் முன்சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கையும், அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடையும் மாற்ற வேண்டிய நிலை வந்துவிட்டது. வேகத்தில் செல்லும்போது பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. கழற்றிப் பார்த்ததில் உள்பக்கப் பேட் வெளிப்பக்கப் பேடைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் முழுச் சுமையோடு ஓடும் வண்டி. அவ்வப்போது டிரெய்லரை இழுத்துக்கொண்டு நீண்ட இறக்கங்களிலும் இறங்கும். ஒரே வண்டிக்கு நான்கைந்து தரங்களில் உதிரிபாகங்கள் கிடைக்கின்றன, விலையோ மடங்குக் கணக்கில் வேறுபடுகிறது. செராமிக் பேடுதான் உயர்ந்தது என்கிறார்கள் சிலர். துளையிட்ட டிஸ்க்கைப் போட்டால் சூடே ஏறாது என்கிறார்கள் வேறு சிலர். எதைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்வது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வார்ப்பிரும்பு எழுதியது:

நண்பரே, முதலில் டிஸ்க்கைப் பார்ப்போம், ஏனென்றால் சுமை வண்டியில் வெப்பத்தை வாங்கிக்கொள்வது அதுதான். டிஸ்க்கின் எடையே அதன் வெப்பம் தாங்கும் திறன் என்பதால், ஒரே வண்டிக்கான இரண்டு டிஸ்க்குகளைத் தராசில் வைத்துப் பார்த்து, எது கணிசமாகக் குறைவாக இருக்கிறதோ அதைச் சந்தேகியுங்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், மலிவான வார்ப்பில் டிஸ்க்கின் இரு முகங்களுக்கும் நடுவே காற்று செல்லும் வழிகளைப் பிரிக்கும் தகடுகள் எண்ணிக்கையில் குறைந்தோ, முகத்தின் கனமே குறைந்தோ இருக்கலாம். விளிம்புப் பக்கமாகத் திருப்பி அந்த இடைவெளிக்குள் பாருங்கள்: இரு முகங்களும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும், ஒன்று தடித்தும் மற்றொன்று மெலிந்தும் இருந்தால் சூடேறும்போது டிஸ்க் ஒரு பக்கமாக வளையும். அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் இல்லாத டிஸ்க்கை நான் கையில் எடுக்கவே மாட்டேன்.

துளையிட்ட டிஸ்க் உங்கள் வேலைக்கு வேண்டாம். துளை போட்ட இடத்தில் வெப்பத்தை வாங்கும் இரும்பு குறைகிறது. சுமையோடு இறங்கும்போது திரும்பத் திரும்பச் சூடேறி ஆறுவதால், துளையின் ஓரத்திலிருந்துதான் வெடிப்பு தொடங்கும். காற்றோட்ட இடைவெளி உள்ள, துளையில்லாத, நல்ல வார்ப்பிரும்பு டிஸ்க்கே போதும். துருப்பிடிக்கும் சூழலில் ஓடும் வண்டியானால், பேட் படாத பகுதிகளுக்குத் துருத்தடுப்புப் பூச்சு உள்ளதை வாங்குங்கள்.

பேட் விஷயத்தில், செராமிக் சத்தமும் தூசியும் குறைவானது என்பது உண்மைதான், ஆனால் அவை இரண்டும் உங்கள் கவலை அல்ல. உலோகத் துகள் கலந்த செமி மெட்டாலிக் பேடுகள் பொதுவாக உயர் வெப்பத்திலும் பிடிமானத்தை விட்டுக்கொடுக்காதவை. அவற்றிலும் சுமைக்கும் டிரெய்லருக்கும் என்றே தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். பேடின் பின்தகட்டையும் கவனிக்க வேண்டும். வெறும் பசையால் ஒட்டியதைவிட, தகட்டில் சிறு கொக்கிகள் எழுப்பி அவற்றின்மேல் உராய்வுப் பொருளை அழுத்திப் பிடிக்க வைத்த பேட், துருவேறினாலும் எளிதில் பெயராது.

தடம் எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பேடின் ஓரத்தில் அச்சிடப்பட்ட குறியீடு பல பேடுகளில் இரண்டு ஆங்கில எழுத்துகளில் முடியும். முதலாவது சாதாரண வெப்பத்திலும் இரண்டாவது உயர் வெப்பத்திலும் உள்ள உராய்வுக் குணகத்தைக் குறிக்கும். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப்’ முதலில் வந்து ‘ஈ’ பின்னால் வந்தால், சூடானதும் பிடிமானம் குறையும் பேட் அது. இறக்கத்தில் சுமையோடு இறங்கும் வண்டிக்கு அதை வாங்காதீர்கள். ஆனால் இந்த எழுத்துகள் உராய்வை மட்டுமே சொல்கின்றன. ஆயுளையோ ஒட்டுமொத்தத் தரத்தையோ சொல்வதில்லை. இவற்றிலிருந்து வேறான முத்திரையாக, வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் அதனுடன் ஐ.நா. வாகன விதிகளில் 90ஆம் எண் விதியின் குறியும் பின்தகட்டில் இருந்தால், அந்தப் பேடின் செயல்திறன் வண்டியின் அசல் பேடிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகாது என்று சோதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இணைப்பு எழுதியது:

உள்பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை யாரும் இன்னும் தொடவில்லை. பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் கேலிப்பர் மிதக்கும் வகையானால், அது நகர்வதற்கான ஸ்லைடு பின்கள் இறுகிவிட்டாலோ பிஸ்டன் பின்வாங்காவிட்டாலோ இப்படித்தான் ஆகும். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த பேடைப் போட்டாலும் அதுவும் ஒருபக்கமாகவே தேயும். பின்களைக் கழற்றி, துருவோ பள்ளமோ இருந்தால் பின், ரப்பர் உறை, பேட் அமரும் ஸ்டீல் கிளிப் எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள். பின்னுக்குப் பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரணப் பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிப் பின்னை மறுபடியும் இறுக்கிவிடும். பிரேக் திரவம் செல்லும் ரப்பர் ஹோஸ் பழையதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள், உள்ளே வீங்கிய ஹோஸ் அழுத்தத்தைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும்.

பாரவண்டி:

மிக்க நன்றி. பின்களில் ஒன்று கையால் அசைக்கவே வரவில்லை, இப்போது காரணம் புரிகிறது. நல்ல டிஸ்க்கை வாங்கிப் போட்டால் ஸ்டியரிங் நடுக்கம் நிச்சயம் நின்றுவிடுமா?

வார்ப்பிரும்பு:

டிஸ்க் பொருந்தும் ஹப்பின் (சக்கரத்தின் மையப் பகுதி) முகத்தில் துரு இருந்தால் நிற்காது. அங்கே ஒட்டியிருக்கும் மெல்லிய துருப்படலம்கூட டிஸ்க்கின் வெளிவிளிம்பில் பெரிய ஆட்டமாக மாறும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் புது டிஸ்க்கின் கனமும் இடத்துக்கு இடம் மாறி, நடுக்கம் திரும்பிவிடும். கம்பித் தூரிகையால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, டிஸ்க்கை மாட்டி நட்டுகளால் இறுக்கியபின் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு ஆட்டத்தின் வரம்பு 0.05 மில்லிமீட்டரை ஒட்டிய அளவே. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே இறுதி. சக்கர நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, எதிரெதிர் வரிசையில், ஒரே அளவில் இறுக்குங்கள்.