பர்த்திமேயு பகுதியில் காட்சியே வரவில்லை: எப்படிச் செபிப்பது?

எரிகோ வழி:
இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் முறையில் நற்செய்திக் காட்சிக்குள் நுழைந்து செபிப்பது பற்றி ஒரு சந்தேகம். பகுதி மாற்கு 10:46-52, எரிகோ ஊர் வழியோரம் பார்வையற்ற பிச்சைக்காரர் பர்த்திமேயுவை இயேசு குணமாக்குவது. கண்ணை மூடினால் இருட்டுதான். எரிகோவும் வரவில்லை, கூட்டமும் வரவில்லை. பத்து நிமிடத்தில் மனம் அலையத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு நேரம், எந்த வரிசையில் செய்ய வேண்டும்? நோயாளி ஒருவருக்காகவும் இப்படிச் செபிக்கலாமா?

அத்திமரம்:
இருட்டு வருகிறதென்றால் பொருத்தமான பகுதியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். பர்த்திமேயுவுக்கும் 52ஆம் வசனம் வரை இருட்டுதானே! அவர் இடத்திலேயே உட்காருங்கள். நெருங்கி வரும் காலடிச் சத்தம், வாயில் புழுதி, பேசாதிருக்கும்படி அதட்டும் குரல்கள், பிறகு "கூப்பிடுகிறார்" என்ற செய்தி. படம் எதுவும் தேவையில்லை. செபம் பற்றி எழுதிய புனித அவிலா தெரேசாவுக்கும் கற்பனை எளிதில் கைகொடுக்கவில்லை. இருட்டில் ஒருவரோடு பேசுகிறவர், அவரைக் காணாவிட்டாலும் அவர் அங்கே இருப்பதை உணர்வதுபோலத் தம் செபம் இருந்தது என்று தம் தன்வரலாற்றில் எழுதுகிறார்.

முந்தின இரவே பகுதியை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு விவிலியத்தை மூடிவிடுங்கள். உட்காரும் இடத்துக்கு ஓரிரு அடி முன்பே, ஒரு பரலோக மந்திரம் (இயேசு கற்றுத்தந்த செபம்) சொல்லும் நேரம் நின்று, ஆண்டவர் உங்களைப் பார்ப்பதை நினையுங்கள். இதை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் மனம் அதிகம் அலைகிறது. பிறகு இடத்தை மனத்தில் நிறுத்தி, வேண்டும் வரத்தைக் கேளுங்கள். "என்ன செய்ய வேண்டும்?" என்று இயேசு கேட்கும் இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள், செபத்தின் நடு அதுதான். கடைசியில் நண்பரிடம் பேசுவதுபோல் அவரிடம் பேசி, பரலோக மந்திரத்தோடு முடியுங்கள்.

இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் சொல்லியிருப்பது முழு ஒரு மணி நேரம். தொடக்கத்தில் 25 நிமிடம் போதும். ஆனால் குறித்த நேரத்தைக் குறைக்காதீர்கள். வறட்சியாக இருக்கும் நாளில் குறித்ததைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார்.

ஐந்து மண்டபம்:
நோயாளிக்காகச் செபிக்க மாற்கு 2:1-12 நல்லது. படுக்கையைச் சுமந்த நால்வரில் ஒருவராக இருங்கள். கூரையைப் பிரித்து இறக்குவதோடு சுமப்பவரின் வேலை முடிகிறது. அதற்குப் பிறகு நடப்பது இயேசுவின் கையில். நோயாளி எழுந்து நடப்பதாக வலிந்து கற்பனை செய்துவிட்டு, அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போய் அந்த நோயாளியிடம் சொல்வது பெரிய தவறு. குணமாகாவிட்டால் விசுவாசக் குறைவு என்ற பாரம் நோயாளியின் தலையில்தான் விழும். யோவான் 5இல், 38 ஆண்டுகள் நோயுற்றிருந்தவர் இயேசு யாரென்றே அறியாமல் குணம் பெற்றார் என்பதை மறக்க வேண்டாம்.

இரத்தப்போக்குள்ள பெண்ணின் பகுதி (மாற்கு 5:25-34) பழைய காயங்களைக் கிளறக்கூடும். தாங்க முடியாமல் போனால் கண்ணைத் திறந்து நிறுத்திவிட்டு, ஆன்ம வழிகாட்டியிடம் பேசுங்கள்.

மறுவாசிப்பு:
அத்திமரம் சொன்னதோடு ஒன்று. செபம் முடிந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்தோ நடந்தோ திரும்பிப் பாருங்கள். எங்கே மனம் இளகியது, எங்கே இறுகியது என்று இரண்டு வரி எழுதினால் போதும். மறுநாள் புதுப் பகுதிக்குத் தாவாமல் அதே இடங்களுக்கே திரும்புங்கள். இஞ்ஞாசியார் 'மீள்செபம்' என்று சொல்வது இதைத்தான். எரிகோவின் வரைபடத்தைத் தேட ஆரம்பித்தால் நேரமெல்லாம் அதிலேயே போய்விடும். காட்சியில் வரும் இயேசு உங்களை இழிவுபடுத்திப் பேசினால், நற்செய்தியில் பர்த்திமேயுவிடம் பேசியவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாத குரலை அங்கேயே விட்டுவிடலாம்.